மண்ணின் ஈரமும் வானத்து ராடாரும்

நேயர்களே, இந்தப் பேச்சு ஓர் அலையின்மீதேறி உங்கள் வீட்டுக்கு வந்து சேர்கின்றது. மத்திய அலையிற் கேட்போருக்கு அவ்வலையின் நீளம் சில நூறு மீற்றர். பண்பலையிற் கேட்போருக்கு ஏறத்தாழ 3 மீற்றர். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் அலை உண்டு. அதன் நீளம் ஐந்தரைச் சென்ரிமீற்றர் மாத்திரமே. ஏறத்தாழ 700 கிலோமீற்றர் உயரத்திற் செல்லும் ஒரு செய்மதியிலிருந்து அது புறப்பட்டு, தொண்டைமானாற்றின் தோட்டங்களையும் வயல்களையும் கடனீரேரியையும் தொடுகின்றது. தொட்டபின் அதில் மிகச் சிறு பங்கொன்று அச்செய்மதிக்கே திரும்பிச் செல்கின்றது. போய் மீள்வதற்கு எடுக்கும் நேரம் ஒரு விநாடியை இருநூறு கூறாக்கினால் ஒரு கூறளவே. அவ்வளவு குறுகிய நேரத்தில் அது எதனைக் கண்டு சென்றது? அதனைக் கேட்டறியும் கலையைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

தொண்டைமானாறு என்னும் பெயரிலே ஆறு இருக்கின்றது. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையிற் பிறந்து ஓடிவரும் ஆறு ஒன்றேனும் இல்லை. வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் இடையிலே நீண்டு கிடக்கும் கடனீரேரி வடக்கே கடலோடு கலக்கும் வாயையே நாம் அப்பெயரால் அழைக்கின்றோம். கருணாகரத் தொண்டைமான் உப்பைக் கொண்டுசெல்வதற்காக இந்நீர்வழியை வெட்டுவித்தான் என்பது செவிவழிச் செய்தி. செல்வச்சந்நிதி முருகனைத் தரிசிக்கச் செல்லும் அடியார்கள் இக்கரையைக் காணாதிருக்க முடியாது. உவர்நீர் உட்புகாதிருக்கவும், மாரியிற் பெருகும் நன்னீர் வீணே கடலைச் சேராதிருக்கவும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வாயிலே கதவுகளோடு கூடிய தடுப்பணை ஒன்று கட்டப்பட்டது. குடாநாட்டுக் கடனீரேரிகளை நன்னீர்த் தேக்கங்களாக மாற்ற வேண்டுமென்று 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டத்தை வகுத்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அவர்கள். அத்திட்டத்திலும் தொண்டைமானாற்றுத் தடுப்பணைக்குச் சிறப்பான இடமுண்டு.

குடாநாட்டுக்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 1200 முதல் 1300 மில்லிமீற்றர் மழை கிடைக்கின்றது. அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிற் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய காலம் முழுவதும் நாம் கிணற்றையே நம்பி வாழ்கின்றோம். கிணற்று நீரோ சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கி, உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் ஒரு மெல்லிய வில்லை. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. எங்கள் கற்பாறையில் இக்கணக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. எனினும் அதன் மறுபக்கத்தை மறத்தல் ஆகாது. மேலே ஓரடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்துவிட்டால், கீழிருந்து உவர்நீர் பலவடி எழுந்துவரும். வெங்காயத்துக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை இறைப்பதா, ஐந்து நாளைக்கு ஒருமுறை இறைத்தாற் போதுமா என்னும் கேள்வி, ஒரு தோட்டக்காரனின் எண்ணெய்ச் செலவை மட்டும் பற்றியதன்று. அயல்வீட்டுக் கிணற்றின் குடிநீரும் அதிலே அடங்கியிருக்கின்றது.

இக்கேள்விக்கு விடை மண்ணிலே இருக்கின்றது. எங்கள் பெரியவர்கள் அதனைக் கையால் அறிந்தார்கள். கால் பெருவிரலாற் சற்றுக் கிண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து நெரித்து, அது உருண்டையாக நிற்கின்றதா உதிர்கின்றதா என்று பார்த்து, "இன்னும் ஒருநாள் தாங்கும்" என்பார்கள். ஆய்வுகூடத்தார் அதனையே நிறுத்து அறிவார்கள். ஈரமண்ணை நிறுத்து, 105 பாகை வெப்பத்தில் ஒருநாள் முழுவதும் உலர்த்தி, மறுபடியும் நிறுப்பார்கள். 120 கிராம் மண் உலர்ந்தபின் 100 கிராமாக நின்றால், ஈரம் உலர்மண்ணின் நிறையில் நூற்றுக்கு 20. இம்முறையிற் பிழை காண்பது அரிது. ஆயினும் ஒரு பிடி மண்ணுக்கு ஒருநாள் வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் சதுரக் கிலோமீற்றர் பரப்புடைய குடாநாட்டை அவ்வாறு பிடிபிடியாக நிறுத்து முடிப்பது எந்நாள்?

வானிலிருந்து படம் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். சாதாரண ஒளிப்படக் கருவி பச்சையையும் வெறுந்தரையையும் நன்றாகப் பிரித்துக் காட்டும். ஆனால் எங்களுக்கு அது வேண்டும் காலத்தில் அது குருடாகிவிடுகின்றது. கார்த்திகை மாதத்து வானத்தை நீங்கள் அறிவீர்கள். முகிலுக்கு மேலே நின்று படம் எடுத்தால் முகிலின் முதுகைத்தான் காணலாம். சில சென்ரிமீற்றர் நீளமுள்ள நுண்ணலைகளோ முகிலைப் பொருட்படுத்துவதில்லை. முகிற்றுளிகள் அவ்வலைகளை நோக்க மிகமிகச் சிறியவை. சூரியனும் வேண்டியதில்லை. ராடார் தன் விளக்கைத் தானே கொண்டுசெல்வதால் நள்ளிரவிலும் அதற்குப் பகலே.

முகிலை ஊடுருவுவது மாத்திரம் போதுமா? ஈரத்தை அது எவ்வாறு உணர்கின்றது? இங்கேதான் நீரின் ஒரு விசேட குணம் எமக்குத் துணை செய்கின்றது. நீர்மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் மறைமின்னும் சற்றே மிகுந்த ஒரு சிறு திசைகாட்டி போன்றது. மின்னலை வந்து தொடும்போது அது உடனே அதற்கேற்பத் திரும்ப முயலும். நுண்ணலை அடுப்பிலே கறி சூடாவது இத்திருப்பத்தினாலேயே. ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு தூரம் இணங்கிக்கொடுக்கின்றது என்பதை மின்னுழைய மாறிலி என்னும் எண்ணாற் குறிப்பர். வளிக்கு அது 1. உலர்ந்த மண்ணுக்கு 3 அல்லது 4. நீருக்கோ 80 அளவில். ஆகவே மண்ணில் நீர் சேரச் சேர அவ்வெண் 4 இலிருந்து 20க்கும் மேலே ஏறிச்செல்கின்றது. எண் உயர்ந்த மண், வரும் அலையை உள்ளே விடாது திருப்பி அனுப்பும். பயிரில்லாத வெறுந்தரை உலர்ந்து கிடக்கும்போது திரும்பும் சக்தியைவிட, அதே தரை நன்றாக நனைந்திருக்கும்போது திரும்பும் சக்தி மூன்று நான்கு மடங்குவரை மிகலாம். மற்றப் பொருள்களுக்கிடையே இவ்வளவு பெரிய வேறுபாடு இயற்கையில் அருமை. நீர் இவ்வாறு தனித்து நிற்காவிடின் இக்கலையே தோன்றியிராது.

உலர்ந்த மண்ணின் இயல்புக்கு ஓர் அதிசய உதாரணம் 1981ஆம் ஆண்டு நவம்பரிற் கிடைத்தது. கொலம்பியா என்னும் விண்ணோடம் ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர் அலைநீளமுள்ள ராடார் ஒன்றைச் சுமந்துகொண்டு சகாராப் பாலைவனத்தின்மேற் சென்றது. படத்தைக் கழுவிப் பார்த்தபோது, மணற்பரப்பாக மாத்திரம் இருந்த இடத்தில் கிளைகளோடு கூடிய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் தோன்றின. மணல் மிகவும் உலர்ந்திருந்தமையால் அலைகள் அதனூடே ஓரிரு மீற்றர் ஆழம் இறங்கி, பண்டைக்காலத்தில் ஓடி மறைந்த ஆறுகளின் படுகைகளைத் தொட்டு மீண்டன. எங்கள் ஈரமான நிலத்தில் இவ்வித்தை நடவாது. ஐந்தரைச் சென்ரிமீற்றர் அலை நனைந்த மண்ணில் ஓரிரு விரற்கடைக்குக் கீழே செல்லாது. ஈரம் மிக மிக அது இறங்கும் ஆழம் குறையும். இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதுவே எமக்கு இடைஞ்சலாகப் போகின்றது.

700 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து ஒரு வயலை மற்ற வயலிலிருந்து பிரித்தறிவது எப்படி என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-1 என்னும் செய்மதியில் உள்ள அன்ரெனா 12 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையது. அதனைக்கொண்டு நேராகப் பார்த்தால் நிலத்திலே மூன்றரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளம் ஒரே புள்ளியாகத் தெரியும். தொண்டைமானாற்றையும் அயலிலுள்ள வல்வெட்டித்துறையையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆனால் செய்மதி நிற்பதில்லை. விநாடிக்கு ஏழு கிலோமீற்றருக்கு மேல் ஓடுகின்றது. ஓடும் வழியெல்லாம் ஒரே இடத்தைப் பலமுறை தொட்டு வந்த எதிரொலிகளைச் சேமித்துவைத்துக் கணக்கிட்டால், அவ்வழியின் நீளமே ஓர் அன்ரெனாவின் நீளம்போல ஆகிவிடுகின்றது. 1951இல் அமெரிக்காவைச் சேர்ந்த கார்ல் வைலி என்பவர் கண்ட உபாயம் இது. அவர் காலத்தில் இக்கணக்கைச் செய்வதற்கு ஒளிவில்லைகளை உபயோகித்தார்கள். இன்று கணினி செய்கின்றது. சென்டினல்-1 படத்தில் ஒரு புள்ளி 10 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமுமான நிலத்தைக் குறிக்கும்.

இனித் திரும்பிவரும் அலையைப் படிக்க வேண்டும். இரவிலே மின்சூள் ஒன்றைக் கையிலெடுத்துக்கொண்டு வெளியே வந்து, அசையாது கிடக்கும் குளத்தின்மேற் சாய்வாக ஒளியைப் பாய்ச்சுங்கள். ஒளி அப்பால் தெறித்துப் போய்விடும். உங்கள் கண்ணுக்குக் குளம் கரிய பள்ளமாகத் தோன்றும். ராடார்ப் படத்திலும் அமைதியான நீர் கறுப்பே. அதே ஒளியை உழுத நிலத்தின்மேற் பாய்ச்சினால் கட்டிகள்தோறும் பட்டுச் சிதறி ஒரு பங்கு உங்களிடம் திரும்பும். பற்றைக்குள்ளே பாய்ச்சினால் இலைக்கிலை தாவிப் பலமுறை திரும்பி, திசையும் சாயலும் மாறி வெளிவரும். நிலமும் சுவரும் சந்திக்கும் மூலையிலே பாய்ச்சினால் நிலத்திற் பட்டுச் சுவரிற் பட்டு நேரே உங்களிடமே வரும். ராடார் கேட்பது இவ்வகைத் திரும்பல்களின் கூட்டொலியையே.

கூட்டொலி என்பதிலேதான் சிக்கல். வெளிச்சமாகத் தெரியும் ஒரு புள்ளி ஈரத்தினால் வெளிச்சமானதா, உழவினால் வெளிச்சமானதா? புதிதாக உழுத உலர்நிலம், மட்டமான ஈரநிலத்தைப் போலவே படத்தில் தோன்றலாம். புகையிலைத் தோட்டத்தின் வரம்பும் சாலும் அலை வரும் திசைக்குக் குறுக்கே கிடந்தால் ஒரு விதமாகவும், அதற்கு நெடுக்கே கிடந்தால் வேறு விதமாகவும் ஒளிரும். கடனீரேரியும் ஏமாற்றும். காற்றில்லாத காலையில் அது கறுப்பு. சோழகம் வீசி நீர்முகம் நெளியும்போது அதுவே வெளுத்துவிடும். கோடையில் நீர் வற்றி உப்புப் பூத்த சேறு வெளிப்படும் இடங்களில், இது நீரா சேறா என்று படத்தை மாத்திரம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோன் துணிச்சல்காரன் என்றே நான் சொல்வேன்.

இதற்கு வியன்னாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் கையாண்ட வழி எளிமையானது. எனக்கு மிகவும் பிடித்ததுமாம். ஓரிடத்தை மற்றோர் இடத்தோடு ஒப்பிடாதே, அதனை அதனோடேயே ஒப்பிடு என்பதே அவ்வழி. ஒரே இடத்தின் பல ஆண்டுப் பதிவுகளை எடுத்து, அங்கு கண்ட மிகக் குறைந்த திரும்பலை வறட்சியின் எல்லையாகவும், மிகக் கூடிய திரும்பலை நனைவின் எல்லையாகவும் கொள்வர். இன்றைய அளவு அவ்விரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கின்றது என்று பார்த்தால் ஈரம் நூற்றுக்கு இத்தனை என்று வந்துவிடும். நிலத்தின் கரடு, மண்ணின் வகை என்பன பெரும்பாலும் மாறாதவை என்பதால் கணக்கிலிருந்து தாமே கழிந்துபோகும். வலிகாமத்துச் செம்மண்ணும் வடமராட்சியின் மணற்பாங்கான நிலமும் ஒரே மழைக்கு ஒரேவிதமாக இணங்குவதில்லை. களித்தன்மை மிகுந்த மண், முதலில் வரும் நீரை மணிகளின்மேல் இறுகப் பிடித்துக்கொள்வதால் அந்நீர்மூலக்கூறுகள் அலைக்கேற்பத் திரும்பமாட்டா. அத்தகைய மண்ணுக்கு இவ்வழி மிகவும் வேண்டப்படுவது.

பயிரின் கதை இதனினும் சுவையானது. பயிர் என்பது என்ன? பெரும்பாலும் நீர். 1970களில் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பவாஸ் உலாபி என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் பாரவண்டியொன்றின் மேலே நீண்ட தூக்குக்கரம் பொருத்தி, அதன் நுனியில் ராடாரை வைத்து, வயல்வயலாகச் சென்று அளந்தார்கள். 1978இல் அட்டெமா என்பவரும் உலாபியும் சேர்ந்து ஒரு கருத்தை வெளியிட்டனர். தண்டு, இலை, கதிர் என்றெல்லாம் பிரித்து மயங்காமல், பயிரைத் தரைக்குமேல் தவழும் நீர்த்துளி மேகமாகக் கொள்வோம் என்றனர். அம்மேகம் தானும் சிறிது அலையைத் திருப்பும். கீழேயுள்ள மண்ணின் குரலையும் இருமுறை, அதாவது போகும்போதும் வரும்போதும், அடக்கும். இவ்வளவுதான் அக்கணக்கு. இன்றுவரை உலகெங்கும் உபயோகிக்கப்படும் கணக்குகளில் இதுவும் ஒன்று.

மேகம் தடித்தால் மண் மறையும். மண்ணை நாடுவோருக்கு அது நட்டம். பயிரை நாடுவோருக்கோ இலாபம். செய்மதி நிலைக்குத்தாக அதிரும் அலையை அனுப்புகின்றது என்று வைத்துக்கொள்வோம். வெறுந்தரை அதனைப் பெரும்பாலும் நிலைக்குத்தாகவே திருப்பும். இலையும் தண்டும் நிறைந்த பயிர், அதில் ஒரு பங்கைக் கிடையாகத் திருப்பிவிடும். ஆகவே கிடையாக வருவதைத் தனியே கேட்டால் பயிரின் வளர்ச்சியை அறியலாம். இவ்வாறு அதிர்வின் திசையைப் பிரித்துக் கேட்பதற்கு முனைவாக்கத்தைப் பயன்படுத்தல் என்று பெயர்.

நெல்லை அறிவதில் இம்முறை பெருவெற்றி கண்டிருக்கின்றது. நீர் தேக்கி நாற்று நடும் வயல் முதலிற் கறுப்பாகத் தோன்றும். பயிர் எழ எழ, நீர்ப்பரப்பிலும் தண்டிலும் மாறிமாறிப் பட்டு அலை திரும்புவதால் வயல் வெளுத்துக்கொண்டு வரும். பின்னர் ஒரு நிலைக்கு வந்து நிற்கும். இந்த ஏறுவரிசை நெல்லுக்கே உரிய கையெழுத்துப் போன்றது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றோடு சேர்ந்து, இக்கையெழுத்தைக்கொண்டு தமிழ்நாட்டில் நெல் விளையும் பரப்பையும் விளைச்சலையும் கணித்து வந்திருக்கின்றது. 2016இல் வடகிழக்குப் பருவமழை அங்கே பொய்த்தது. சம்பாப் பருவத்தில் விதைக்க இயலாது கிடந்த நிலங்களை அறிந்து பயிர்க் காப்புறுதிப் பணம் வழங்குவதற்கு அப்பொழுது ராடார்ப் படங்கள் துணையாயின. விதைக்கவேயில்லை என்று ஓர் ஏழை விவசாயி சொல்வதற்கு வானமே சாட்சி சொல்லியது என்னலாம்.

ஆனால் அந்தக் கையெழுத்தை அப்படியே எடுத்து எங்கள் வயலிற் படிக்க முயன்றால் தவறு நேரும். குடாநாட்டு நெல் காலபோகத்துக்கே உரியது, மழையை நம்பியது. புரட்டாதியிற் புழுதியாக உழுது, உலர்ந்த மண்ணில் விதையை வீசிவிட்டு வானத்தைப் பார்த்திருப்பதே எங்கள் வழக்கம். நாற்று நடுகையும் இல்லை. தொடக்கத்தில் தேங்கிய நீரும் இல்லை. ஆகவே கறுப்பிலிருந்து தொடங்கும் கோடு இங்கே தோன்றாது. உழவின் கரடும் முதல்மழையின் ஈரமும் சேர்ந்து வயல் முதலிலேயே ஒளிர்ந்து காணப்படும். பின்னர் மாரி மிகுந்து வெள்ளம் வயலை மூடும்போதுதான் கறுப்பு வரும். அப்போது அதனைப் புதிதாக நட்ட வயலென்று கணினி எண்ணிக்கொள்ளலாம். காவிரிக்கரையிற் படித்த பாடத்தைத் தொண்டைமானாற்றங்கரைக்குக் கொண்டுவரும்போது மறுபடியும் படிக்கவேண்டும்.

அடுத்த தடை எங்கள் நிலத்தின் அளவு. பதினாறு பரப்புச் சேர்ந்தது ஓர் ஏக்கர். எனவே ஒரு பரப்பு ஏறத்தாழ 250 சதுர மீற்றர். சென்டினல் படத்தின் புள்ளியொன்று 100 சதுர மீற்றர். ஒரு பரப்புத் தோட்டத்துக்கு இரண்டரைப் புள்ளி கிடைக்கின்றது. போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. ராடார்ப் படம் எப்பொழுதும் உப்பும் மிளகும் தூவியதுபோலப் புள்ளிபுள்ளியாகவே இருக்கும். பல சிறு எதிரொலிகள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் வருவதால் ஏற்படும் இயல்பு அது. பல பத்துப் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி கண்டால்தான் ஓர் எண்ணை நம்பலாம். அச்சராசரிக்குள்ளே ஒருவரின் வெங்காயம், மற்றவரின் மரவள்ளி, இடையே ஒரு பனங்கூடல், ஒரு கிடுகு வேலி யாவும் அடங்கிவிடும். பனையின் அடர்ந்த ஓலையைத் தாண்டி ஐந்தரைச் சென்ரிமீற்றர் அலையால் நிலத்தை அடைதல் அரிது.

2015 ஜனவரியில் அமெரிக்கர் ஏவிய ஸ்மாப் என்னும் செய்மதி, மண்ணீரத்தை அறிவதற்கென்றே அமைக்கப்பட்டது. அதிலிருந்த ராடார் அதே ஆண்டு ஜூலையிற் பழுதடைந்து அடங்கிவிட்டது. நிலம் தானாகவே வெளியிடும் மெல்லிய நுண்ணலைக் கதிர்ப்பை அளக்கும் மற்றக் கருவி தொடர்ந்து பணி செய்தது. பெருநாடுகளுக்கு அது மிகவும் பயன்பட்டது. ஆனால் அது காணும் புள்ளியொன்றின் அகலம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர்! தொண்டைமானாற்றின்மேல் அப்புள்ளியை வைத்தால் வலிகாமமும் வடமராட்சியும் தென்மராட்சியும் கடனீரேரிகளும் கடலும் ஒரே விடையாக வந்து சேரும். கடல்நீரையும் சேர்த்து அளந்தால் எங்கள் தோட்டங்கள் என்றைக்கும் ஈரமாகவே இருக்கும் அல்லவா?

இடைப்பட்ட வழியொன்று அண்மையிலே திறந்திருக்கின்றது. 2025 ஜூலை 30ஆம் திகதி, சிறீஹரிகோட்டாவிலிருந்து நிசார் என்னும் செய்மதி ஏவப்பட்டது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து அமைத்தது அது. சிறீஹரிகோட்டாவும் பழவேற்காட்டு ஏரி என்னும் கடனீரேரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நிலந்தான். எங்கள் ஊரவருக்கு அவ்விடம் அந்நியமாகத் தோன்றாது. நிசார், ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர் அலையையும் 9 சென்ரிமீற்றர் அளவான அலையையும் கொண்டுசெல்கின்றது. 12 மீற்றர் விட்டமுள்ள வலைக்குடையொன்றை விண்ணிலே விரித்துவைத்திருக்கின்றது. 12 நாட்களுக்கு ஒருமுறை அதே வழியில் மீண்டும் வருகின்றது. நீண்ட அலை பயிரை ஊடுருவி மண்ணை அடைவதில் வல்லது. மண்ணீரத்தை அது 200 மீற்றர்ச் சதுரங்களாகத் தருவது நோக்கம். ஒரு சதுரம் ஏறத்தாழ 160 பரப்பு. தனியொருவரின் தோட்டத்தை அது அறியாது. ஆனால் ஒரு வயல்வெளியை அறியும். நீண்ட அலைக்கு வேறொரு குறையுண்டு: மண்ணின் உப்பு அதனைக் குறுகிய அலையைவிட அதிகமாகப் பாதிக்கும். கடனீரேரிக் கரையின் தரவைகளில் ஈரத்தையும் உப்பையும் பிரித்தறிதல் எளிதாக இராது.

இத்தனை குறைகளுக்கும் பின்னர், இதனால் எங்களுக்கு ஆவதென்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தோட்டக்காரருக்கு நாளை இறைக்கலாமா என்று இன்றைய ராடார் சொல்லாது. வெங்காயத்தின் வேர் மேற்பரப்பை அண்டியே இருந்தாலும், அலை காணும் ஓரிரு விரற்கடைக்குக் கீழேயும் அது நீரைத் தேடுகின்றது. அந்த வேலையில் இன்னும் பெருவிரலே சிறந்தது. ஆனால் தடுப்பணையின் கதவைப் பற்றிய கேள்வியில் ராடாருக்கு உண்மையான இடமிருக்கின்றது.

ஒக்டோபர் தொடக்கத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் நிலம் அதனைக் குடித்துவிடும். நவம்பர் இறுதியில் அதே 100 மில்லிமீற்றர் பெய்தால் நிலம் வாயை மூடிக்கொள்ளும். அவ்வளவு நீரும் வீதிக்கும் வளவுக்கும் கடனீரேரிக்கும் வரும். மழை ஒன்றே, விளைவு இரண்டு. 2024 நவம்பரின் கடைசி வாரத்தில், பின்னர் ஃபெஞ்சல் எனப் பெயர் பெற்ற புயலாக மாறிய தாழமுக்கம் இலங்கையின் கரையோரமாக நகர்ந்தபோது, யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல வெள்ளத்தால் வீடுவிட்டு வெளியேற நேர்ந்தது யாவரும் அறிந்ததே. 2025 நவம்பரில் டிட்வாப் புயல் நாடு முழுவதையும் வருத்தியது. மழை எவ்வளவு வரும் என்று வானிலை அறிக்கை சொல்லலாம். வருகின்ற மழைக்கு நிலத்தில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கின்றது என்று சொல்ல அதனாலாகாது. அதனை மண்ணீரமே சொல்லும்.

கதவை முன்கூட்டித் திறந்துவிட்டால் தேக்கிய நன்னீர் கடலுக்குப் போய்விடும். சித்திரை வைகாசியிற் கிணறுகள் அதன் விலையைக் கேட்கும். பிந்தித் திறந்தால் கரையோர வயல்களும் வீடுகளும் மூழ்கும். கடலோடு கடனீரேரி கலந்திருக்க வேண்டுமென்று விரும்பும் மீனவர்களின் கணக்கு வேறு. இத்தகைய முடிவை எடுப்பவருக்கு முன்னால், கடனீரேரிக்கு நீர் தரும் நிலம் முழுவதும் நிறைந்துவிட்டதா, இன்னும் பாதி வெறுமையாக இருக்கின்றதா என்று காட்டும் படம் ஒன்று இருந்தால், தீர்ப்பு எளிதாகாவிட்டாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வதாக இராது. இதற்கு ஒரு பரப்பைத் தனியே பிரித்தறிய வேண்டியதில்லை; 200 மீற்றர்ச் சதுரம் தாராளமாகப் போதும். மேற்பரப்பின் ஈரமே நீர் உள்ளே இறங்குமா ஓடுமா என்பதைப் பெரிதும் நிர்ணயிப்பதால், ராடாரின் ஆழமின்மையும் இங்கே பெருங்குறையன்று. சென்டினல்-1 வரிசையில் முதற்செய்மதி 2014 ஏப்ரலிலும் இரண்டாவது 2016 ஏப்ரலிலும் ஏவப்பட்டன. இரண்டாவது 2021 டிசெம்பரிற் செயலிழக்க, 2024 டிசெம்பரில் மூன்றாவது சென்றது. இவற்றின் படங்கள் எவருக்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. பத்தாண்டுக்கு மேற்பட்ட எங்கள் மாரியும் கோடையும் அப்பதிவுகளிலே இருக்கின்றன.

இல்லாதது நிலத்தின் அளவை. வானத்திலிருந்து வந்த எண்ணை மண்ணிலிருந்து எடுத்த எண்ணோடு பல இடங்களிற் பலமுறை வைத்துப் பார்த்தாலன்றி அது நம்பத்தக்கதாகாது. தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் என்றாலே இன்று எங்கள் மாணவர்களுக்குப் பரீட்சை வினாத்தாள்தான் நினைவுக்கு வரும். ஆயினும் வெளிக்களம் என்னும் அப்பெயரை நான் கேட்கும்போதெல்லாம் எனக்கு மூடியுள்ள தகரப் பேணிகளும் ஒரு தராசுமே கண்முன் தோன்றுகின்றன. இருபது மாணவர்கள், இருபது இடங்கள்: செம்மண் தோட்டம், மணற்பாங்கான நிலம், காலபோக வயல், தரவை, பனங்கூடல். செய்மதி மேலே செல்லும் நாளில் ஒவ்வொருவரும் இரண்டு விரற்கடை ஆழத்தில் ஒரு பேணி மண் எடுத்து, ஆவி போகாமல் மூடி, பாடசாலை ஆய்வுகூடத்தில் நிறுத்து உலர்த்தி மறுபடி நிறுத்தால் போதும். ஒரு மாரியும் ஒரு கோடையும் இதனைத் தவறாது செய்தால், எந்த நாட்டுப் பேரறிஞரிடத்தும் இல்லாத ஓர் அட்டவணை எங்கள் கையில் இருக்கும்.

நேரத்தை மட்டும் கவனிக்க வேண்டும். சென்டினல்-1 எங்கள் வானில் தோன்றுவது காலை ஆறு மணியை அண்டியோ மாலை ஆறு மணியை அண்டியோ ஆகும். காலையில் இலைமேற் பனித்துளி நின்றால் பயிர் உள்ளதைவிட அதிகமாக ஒளிரும். எங்கள் தோட்டக்காரர் இறைப்புத் தொடங்குவதும் அந்த நேரத்திலேதான். ஆகவே பேணியின்மேல் ஒட்டும் சீட்டில் இடத்தையும் திகதியையும் எழுதும்போது, பனி இருந்ததா, அந்தத் தறைக்கு அன்று இறைத்தார்களா, முதல்நாள் இறைத்தார்களா என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளவேண்டும்.